கிணறு இறைக்க எந்த மிசின்?

புரட்டாதி பிறந்தால் எங்கள் பக்கத்தில் கிணறு இறைக்கும் பேச்சும் பிறந்துவிடும். மாரிக்கு முன்னர் தண்ணீர் ஆகக் கீழே கிடக்கும் காலம் அதுதான். பெண்கள் தனியாக நடத்தும் வீடுகளுக்கு நான் போகும்போது வழமையாகக் கடன், கொடுப்பனவு பற்றித்தான் கேட்பார்கள். இந்த மாதத்தில் மட்டும் கேள்வி வேறு. "தங்கச்சி, எந்த மிசினைப் பிடிச்சு இறைக்கிறது?" நான் படித்த சமூகவியலில் பம்ப் பற்றி ஒரு வரியும் இல்லை. வாடகைக்கு மிசின் விடுபவரிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கேட்டு அறிந்ததையே எழுதுகிறேன்.

மிசின் பேசுமுன் கிணற்றை அளக்க வேண்டும். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினால் கட்டிலிருந்து தண்ணீர் வரை எத்தனை அடி, தண்ணீர் எத்தனை அடி என்று தெரிந்துவிடும். மேலே வைத்து இழுக்கும் எந்தப் பம்பும், மின்சாரமோ எண்ணெயோ, சுமார் 25 அடிக்குக் கீழேயிருந்து தண்ணீரை ஒழுங்காக இழுக்காது. 10 அடி அகலக் கிணற்றில் 6 அடி தண்ணீர் நின்றால் ஏறத்தாழ 13,000 லீற்றர். வீட்டுத் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் சின்ன மோட்டரால் இதை இறைக்க அரை நாளுக்கு மேல் போகும். அதற்குள் ஊற்று மறுபடி நிரப்பிவிடும், சேறும் மணலும் மோட்டரைத் தின்றுவிடும். அதை இந்த வேலைக்குப் போடாதீர்கள்.

மண்ணெண்ணெய் மிசின் வேகமாக இறைக்கும். ஆனால் 2022 ஆவணியில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறிய பிறகு அது மலிவான வழி அல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் போத்தல் கணக்கில் மண்ணெண்ணெய் வாங்கிய எங்களுக்கு இதுவும் புதிதில்லைத்தான். மின்சாரம் உள்ள வீடென்றால் சேற்றுத் தண்ணீருக்கென்று உள்ள, தண்ணீருக்குள் இறக்கும் மோட்டரை வாடகைக்கு எடுப்பதே என் தெரிவு. ஆள் கிணற்றில் இறங்குமுன் மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும்.

ஆழக் கிணறுகளில் இன்னொரு வழக்கம் உண்டு. மேலிருந்து இழுக்காது என்பதால் எண்ணெய் மிசினையே பலகை கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிவிடுவார்கள். அதன் புகையில் காபனோரொட்சைட்டு என்ற வாயு இருக்கிறது. நிறமும் இல்லை, மணமும் இல்லை. கிணற்றுக்குள் காற்றோட்டம் இல்லாததால் அது அப்படியே தங்கும். இறங்கியவர் தலை சுற்றி விழுவார், தூக்கப் போனவரும் விழுவார். விளக்கைக் கொளுத்தி இறக்கிப் பார்த்தோம், அணையவில்லை என்பார்கள். காற்றில் ஒட்சிசன் குறைந்தால்தான் விளக்கு அணையும். இந்த வாயுவை அது காட்டாது.

கிளிநொச்சிப் பக்கம் ஓர் அக்காவின் வீட்டில் இப்படித்தான் நடக்க இருந்தது. கூலிக்கு வந்த இரண்டு பெடியள் பலகையும் கயிறும் ஆயத்தமாக வைத்திருந்தார்கள். வேண்டாம் என்று அக்கா சொன்னபோது, "உங்களுக்கு என்ன தெரியும் அக்கா, நாங்கள் எத்தனை கிணறு இறைச்சனாங்கள்" என்று ஒருவன் சிரித்தான். பக்கத்து வீட்டு ஐயாவும் அவன் பக்கம்தான் கதைத்தார். அக்கா வாயிலில் வந்து நின்று, "ரெண்டு நாள் கூலி தாறன், மிசினை மட்டும் மேல எடுங்கோ. என்ர கிணத்துக்க ஒருதற்ற பிள்ளையும் சாகக்கூடாது" என்றார். அவருடைய மூத்த மகனை 2009 இல் இருந்து தேடிக்கொண்டிருக்கிறார். பெடியள் பிறகு எதுவும் பேசவில்லை. அடுத்த நாள் தண்ணீருக்குள் இறக்கும் மோட்டர் வந்தது. செலவு கூடத்தான்.

மீள்குடியேறிய காணிகளில் நீண்ட காலம் இறைக்காத கிணறென்றால், சேற்றில் இரும்பாக எது தென்பட்டாலும் தொடாமல் வேலையை நிறுத்திப் பொலிசுக்கு அறிவியுங்கள்.

கரையோரத்திலும் தீவுப் பகுதியிலும் இருப்பவர்கள் ஒட்ட இறைக்க வேண்டாம். அங்கே நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. மேலே உள்ளதை எடுத்தால் உப்பு ஏறி வரும். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்கில் திரும்பத் திரும்ப இறைத்த கிணறுகளில் இது தெரிந்தது. அங்கே சேற்றை மட்டும் மெல்ல அள்ளுவது போதும்.

இறைத்து முடிந்து ஊற்று நிரம்பிய பின் குளோரின் போட வேண்டும். எவ்வளவு என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்வார். கிணற்றின் அகலத்தையும் தண்ணீரின் அடியையும் எழுதிக்கொண்டு போங்கள், அவர் முதலில் கேட்பது அதைத்தான்.