பின்னால் உட்கார்ந்து போகிறவர்கள்

விடிவதற்கு முன்பே தேவாரத்துத் தெருக்களில் ஜீப் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் முக்கில் காத்திருப்பார்கள். ஆளை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ ஏலத்தோட்டத்துக்குப் போய்ச் சேருகிற அவசரம். வாசலில் குனிந்து கோலம் போடுகிறவர் முதுகை உரசாத குறையாக வண்டி போகும்.

நான் கொத்துவேலைக்காரன். முதன்முதலில் போட்ட வேகத்தடையை நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது. ஒரு அடி அகலம், அரை அடி உயரம். கலவையைக் கொட்டி மட்டப்பலகையால் தட்டிவிட்டதோடு சரி. ஒரு வாரம் கழித்துத் தோட்டத்துக்குப் போகிற அக்கா ஒருவர் கேட்டார்: "மெதுவாப் போகணும்னு கேட்டது நாங்க. அந்த ஜீப்புல பின்னாடி உக்காந்து போறதும் நாங்கதானப்பா. எங்க இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

அதற்கப்புறம்தான் கணக்கைத் தேடிப் போனேன். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1988இல் கொடுத்த அளவு: அகலம் 3.7 மீட்டர், நடு உயரம் 10 சென்டிமீட்டர், வளைவின் ஆரம் 17 மீட்டர். மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் போனால் உடம்பு அலுங்காது. தாண்டினால் டிரைவருக்கே உறைக்கும். கயிறு இழுபடும் என்பதால் களத்தில் முளையடித்துக் கட்டுக்கம்பியை 17 மீட்டருக்கு இழுத்துப் பிடித்து, சேர்த்து ஆணியடித்த பலகைமேல் கோடு போட்டு அறுத்தேன். அந்த வளைவு சட்டென்று கண்ணுக்குப் பிடிபடாது. கலவைமேல் பலகையை இழுக்கும்போது கைக்குத் தெரியும்.

எந்த இடத்தில் போடுவது என்பதைத் தெருக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். திருப்பத்து வேம்பை வெட்டினால் எதிர்வண்டி தெரியும் என்றார்கள் சிலர். நான் ஒப்பவில்லை. அந்த மரத்தடியில்தான் வண்டி தானாகவே தயங்குகிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1960களின் கடைசியில் குடியிருப்புத் தெருக்களில் மரமும் பெஞ்சும் வைத்தே வண்டியை நடைவேகத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1976இல் அது அந்த நாட்டுச் சட்டத்திலும் ஏறியது. நமக்கு வேம்பும் திண்ணையும் ஏற்கெனவே இருக்கின்றன.

வேம்புக்கு முப்பதடி தள்ளி, விளக்குக் கம்பத்தின் வெளிச்சம் விழுகிற இடத்தை அந்த அக்காவே காட்டினார். மழைத்தண்ணீர் ஓட வாறுகால் ஓரம் ஒரு சாண் விட்டு, பழையதைக் கொத்தியெடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டோம். ஏழு நாள் ஜீப்புகள் மெயின் ரோட்டிலேயே நின்றன. அக்கா தினமும் இருட்டோடு வந்து, ஈரச்சாக்குமேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் ஜீப் ஏற நடந்தார்.