நாகசாகி: ஒல்லாந்தரை அடைத்து வைத்த ஊர்

நாகசாகி என்றதும் எமக்கு அணுகுண்டு ஒன்று தான் நினைவுக்கு வரும். பள்ளிக்கூடத்தில் ஹிரோஷிமா, நாகசாகி என்று ஒரே மூச்சில் சொல்லி விட்டு அடுத்த பாடத்திற்குப் போய் விடுவார்கள். ஆனால், 1571 இல் போர்த்துக்கேயக் கப்பல்களுக்காகத் திறக்கப்பட்ட துறைமுகம் அது. குண்டு விழுவதற்கு முன்னரே அந்த ஊருக்கு 374 வருட வரலாறு இருந்தது. அதில் ஒரு பகுதி யாழ்ப்பாணத்தவருக்கு மிகவும் நெருக்கமானது.

நான் நெதர்லாந்தில் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். மூன்று வருடம் சேர்த்த காசில் ஜப்பான் போனேன். என்னோடு கம்பஸில் படித்த நண்பன் ஒருவன் ஒசாகாவில் பழைய கார் ஏற்றுமதி செய்கிறான். "மச்சான், கியோத்தோவைப் பாக்காமல் ஏனடா அவ்வளவு தூரம் போறாய்?" என்று கேட்டான். "யாழ்ப்பாணத்தை ஆண்ட கொம்பனியை ஜப்பான்காரன் எங்க கட்டி வச்சிருந்தவன் எண்டு பாக்கவேணும்" என்றேன்.

ஃபுகுவோகாவின் ஹகாட்டா நிலையத்தில் ரயில் ஏறி, தக்கேயோ ஒன்சென்னில் ஷின்கன்சென்னுக்கு மாற வேண்டும். 2022 இல் திறந்த பாதை அது. நாகசாகி மூன்று பக்கமும் மலை சூழ்ந்த ஊர். வீடுகள் மலைச் சரிவில் ஒன்றின் தலையில் ஒன்று ஏறி இருக்கின்றன. கீழே குடாக் கடல். ட்ராமில் ஏறினால் பார்க்க வேண்டிய இடங்கள் பெரும்பாலும் வந்து விடும்.

முதலில் இறங்கிய இடம் தெஜிமா. விசிறி வடிவில், கடலுக்குள் மண் கொட்டி 1636 இல் கட்டி முடித்த செயற்கைத் தீவு. முதலில் போர்த்துக்கேயரை அதற்குள் அடைத்தார்கள். 1639 இல் அவர்களை நாட்டை விட்டே துரத்தி விட்டு, 1641 இல் ஒல்லாந்தரைக் கொண்டு வந்து குடியேற்றினார்கள். பரப்பளவு ஏறத்தாழ ஒன்றரை ஹெக்டேயர். ஒரு சுற்று நடக்கப் பத்து நிமிடம் போதும். கரைக்குப் போக ஒரேயொரு பாலம், அதில் காவல். அனுமதி இல்லாமல் வெளியே வர முடியாது. வருடத்திற்கு ஒன்றோ இரண்டோ கப்பல் வரும். இப்போது சுற்றியுள்ள கடலை நிரப்பி விட்டதால் அது தீவாக இல்லை. பழைய கட்டிடங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கட்டி வருகிறார்கள்.

அதற்குள் நின்ற போது எனக்கு 2007 இல் நான் இருந்த அகதி முகாம் தான் நினைவுக்கு வந்தது. சாப்பாடு உண்டு, படுக்கை உண்டு, வேலைக்குப் போக முடியாது, வாரம் ஒருமுறை கையெழுத்து வைக்க வேண்டும். ஒல்லாந்தரின் முன்னோர்களும் இருநூறு வருடத்திற்கு மேல் இப்படி ஒரு முகாமில் இருந்திருக்கிறார்கள்! வித்தியாசம் என்னவென்றால், அவர்கள் லாபத்திற்காக விரும்பி இருந்தார்கள். எமக்கு வேறு வழியிருக்கவில்லை.

அதே கொம்பனி 1658 இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது. அங்கே கோட்டையைப் பெருப்பித்துக் கட்டினார்கள். எங்கள் வழக்கங்களை எழுதி எடுத்து, 1707 இல் தேசவழமைச் சட்டம் ஆக்கினார்கள். கத்தோலிக்க மதத்தைத் தடை செய்தார்கள். 1687 இல் கோவாவிலிருந்து வந்த யோசேப் வாஸ் அடிகளார் சில்லாலையில் மறைந்திருந்து தான் பூசை வைத்தார்.

தெஜிமாவில் நிலைமை தலைகீழ். அங்கே கிறிஸ்தவமே தடை. தலைமை அதிகாரியின் வீட்டுச் சாப்பாட்டறையில் ஒரு பெரிய விருந்து மேசை போட்டு வைத்திருக்கிறார்கள். நத்தார் கொண்டாட முடியாத ஒல்லாந்தர் அதை "மாரிகால விழா" என்று பெயர் மாற்றிக் கொண்டாடினார்களாம். வியாபாரம் என்று வந்தால் கொம்பனி எதையும் விட்டுக் கொடுக்கும். 1638 இல் ஷிமபாராவில் கிறிஸ்தவ விவசாயிகள் கிளர்ச்சி செய்த போது, அரசாங்கம் கேட்டதற்காக அந்த விவசாயிகள் மீது பீரங்கியால் சுட்டதும் ஒல்லாந்தக் கப்பல் தான்.

இன்னொரு தொடர்பும் உண்டு. அந்தக் காலத்தில் ஜப்பானுக்கு இறக்குமதியான ஒரு வகைக் கோடு போட்ட பருத்தித் துணிக்குச் "சாந்தோமே" என்று பெயர். எங்கள் மயிலாப்பூர் சாந்தோம் தான் அது! சோழமண்டலக் கரையிலிருந்து துணி அங்கே போனது. ஜப்பானியச் செம்பு இங்கே வந்தது. தமிழ் நெசவாளியும் ஜப்பானியச் சுரங்கத் தொழிலாளியும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே முதலாளிக்கு உழைத்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கதை ஹென்ட்ரிக் டூஃப் என்பவருடையது. தெஜிமாவின் தலைமை அதிகாரி. 1810 இல் நெப்போலியன் ஒல்லாந்தைப் பிரான்ஸோடு இணைத்து விட்டார். 1811 இல் ஜாவாவைப் பிரிட்டிஷ்காரர் பிடித்தனர். யாழ்ப்பாணம் 1795 லேயே கைவிட்டுப் போயிருந்தது. டூஃபுக்கு நாடும் இல்லை, கப்பலும் இல்லை. ஆனாலும் தெஜிமாவில் ஒல்லாந்துக் கொடி பறந்து கொண்டிருந்தது. அந்த வருடங்களில் அவருக்குச் சோறு போட்டவர்கள் நாகசாகிக்காரர். அவர் அவர்களோடு சேர்ந்து ஒரு ஒல்லாந்து - ஜப்பானிய அகராதியைத் தொகுத்தார். இன்றைக்கு அகதிகளைப் பற்றித் தொலைக்காட்சியில் கத்தும் நெதர்லாந்து அரசியல்வாதிகள் ஒரு தடவை தெஜிமா போய் வருவது நல்லது.

எம்மவர்களில் பலர், "ஜப்பான்காரன் மாதிரி வெள்ளைக்காரனை வெளியே வச்சிருந்தால் எங்கட நாடு தப்பியிருக்கும்" என்று சொல்வார்கள். அப்படிச் சொல்பவர்கள் நிஷிசாகா மேட்டையும் ஏறிப் பார்க்க வேண்டும். 1597 இல் 26 கிறிஸ்தவர்களைச் சிலுவையில் அறைந்த இடம். அவர்களில் 20 பேர் ஜப்பானியர். ஒருவர் மும்பைக்கு அருகிலுள்ள வசாயில் பிறந்த கொன்சாலோ கார்சியா. 1544 இல் மன்னாரில் சுமார் 600 பேரைச் சங்கிலி மன்னன் கொன்ற கதையும் இதே போன்றது தான். நல்லூரில் சங்கிலிக்குச் சிலை வைத்திருக்கிறோம். மன்னாரில் செத்தவர்களும் தமிழர்கள் என்பதை எத்தனை பேர் நினைக்கிறோம்?

நாகசாகிக் கிறிஸ்தவர்கள் அதோடு அழிந்து போகவில்லை. வருடா வருடம் யேசுவின் படத்தைக் காலால் மிதிக்க வைத்தார்கள். மிதித்து விட்டு, வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு மன்றாடினார்கள். ஏழு தலைமுறை இப்படிப் போனது. 1865 மார்ச் 17 அன்று, புதிதாகக் கட்டிய ஓவுரா தேவாலயத்திற்கு உரகாமி கிராமத்து ஆட்கள் சிலர் வந்து, தாங்களும் அதே விசுவாசம் தான் என்று பிரெஞ்சுப் பாதிரியாரிடம் இரகசியமாகச் சொன்னார்கள். பலன்? அரசாங்கம் 3,000 க்கும் மேற்பட்ட உரகாமி மக்களை நாடெங்கும் கடத்தியது. 1873 இல் தான் திரும்ப விட்டார்கள். திரும்பி வந்தவர்கள் பாடுபட்டு ஒரு பெரிய தேவாலயம் கட்டினார்கள்.

1945 ஆகஸ்ட் 9. விமானம் முதலில் போனது கொகுராவுக்கு. அங்கே இலக்குத் தெரியாததால் நாகசாகிக்குத் திரும்பியது. 11:02 க்கு குண்டு வெடித்தது உரகாமிக்கு மேலே. தேவாலயம் 500 மீட்டர் தூரத்தில். அந்தப் பகுதியின் 12,000 கத்தோலிக்கரில் சுமார் 8,500 பேர் இறந்தார்கள். வருட முடிவுக்குள் நகரத்தில் இறந்தவர்கள் ஏறத்தாழ 74,000. அவர்களில் கட்டாய வேலைக்குக் கொண்டு வரப்பட்ட கொரியர்கள் இருந்தார்கள். போர்க்கைதிகளான ஒல்லாந்தரும் இருந்தார்கள். கொரியர்களுக்கு 1979 இல் வைத்த நினைவுக்கல் சிறியது. தேடித் தான் பார்க்க வேண்டும்.

அன்று மத்தியானம் சம்பொன் சாப்பிட்டேன். 1899 இல் சீனாவிலிருந்து வந்த சென் பிங்ஷுன் என்பவர் திறந்த கடையில் தோன்றிய சாப்பாடு. வறிய சீன மாணவர்களுக்கு மலிவாகவும் வயிறு நிறையவும் வேண்டுமென்று செய்தது. பன்றி, இறால், கணவாய், கோவா எல்லாவற்றையும் வதக்கி, எலும்புச் சூப்பை ஊற்றி, அதே சட்டிக்குள் நூடில்ஸையும் போட்டு அவிக்கிறார்கள். கழுவ ஒரு சட்டி தான். சமையலறையில் நிற்பவனுக்குத் தான் அதன் அருமை தெரியும். இன்று ஊரின் பெருமையே அந்த வந்தேறியின் சாப்பாடு தான்.

ஒவ்வொரு ஆகஸ்ட் 9 ஆம் தேதியும், அந்த வருடம் இறந்த பாதிக்கப்பட்டவர்களின் பெயர்களைப் பட்டியலில் சேர்க்கிறார்கள். 80 வருடம் ஆகியும் நிறுத்தவில்லை. 2025 இல் தேவாலயத்தின் இரண்டாவது மணியையும் தொங்க விட்டார்கள். அதற்குக் காசு சேர்த்தவர்கள் அமெரிக்கக் கத்தோலிக்கர்கள். முள்ளிவாய்க்காலில் 2009 இல் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011 இல் எழுதியது. "வரை", "இருக்கலாம்". என் பெரியம்மாவின் மகன் அந்தச் சொற்களுக்குள் எங்கோ இருக்கிறான். 2021 ஜனவரியில் யாழ் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த நினைவுத் தூபி இரவோடிரவாக இடிக்கப்பட்டது. மாணவர்கள் போராடித் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது.

எமது பட்டியலை யாரும் தரப் போவதில்லை. புலம்பெயர்ந்த ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் வருடா வருடம் விளையாட்டுப் போட்டிக்கு இவ்வளவு செலவழிக்கிறது. ஒரு வருடம் தங்கள் ஊரில் செத்தவர்களின் பெயர், வயது, இடம் மூன்றையும் எழுதி எடுக்கட்டும். எங்கள் ஆட்களால் செத்தவர்களையும் விடாமல் எழுத வேண்டும். நான் என்னுடைய ஊரில் தொடங்கி விட்டேன். இதுவரை 31 பெயர்கள்.