கறுத்த கொலுசும் காணாமல் போன கார்டும்

சென்னையிலிருந்து ஜோலார்பேட்டைப் பக்கம் போகும் ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் ஆம்பூர் வருவது தெரிந்துவிடும். குடியாத்தம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஜன்னலோரக்காரர்கள் கண்ணாடியை இறக்குவார்கள். முந்தானையும் கைக்குட்டையும் மூக்குக்குப் போகும். ஊர்க்காரர்கள் மட்டும் பையை எடுத்துக்கொண்டு நிதானமாகக் கதவுப் பக்கம் நகர்வார்கள். "வாடையா? எங்க அடிக்குது?" என்று என்னையே திருப்பிக் கேட்டவர்கள் உண்டு.

வேலூரில் குடியிருந்துகொண்டு ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்த காலம் அது. ஷூ கம்பெனிக்கு எதற்குப் பெரிய கம்ப்யூட்டர் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஐரோப்பாவிலிருந்து ஒரு படம் வரும். பேட்டர்ன் மாஸ்டர் அதை லாஸ்ட் மேல், அதாவது கால் வடிவ அச்சின் மேல், திரையிலேயே வரைந்து, பிறகு தட்டையான துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு சைஸுக்கும் பெரிதாக்கிக் கொடுக்க வேண்டும். அந்த லாஸ்ட்டைத் திரையில் இப்படியும் அப்படியும் திருப்புவதற்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். கார்டு படுத்துவிட்டால் படம் தெரியும், வேலை நகராது. கீழே கட்டிங் செக்‌ஷன் காத்துக்கொண்டிருக்கும்.

அப்படி ஒரு கம்பெனியின் டிசைன் ரூமில் இருந்த பாய் அடிக்கடி கூப்பிடுவார்.

"தம்பி, கார்டு மறுபடி காணோம்."

"போன மாசம் நல்லாத்தானே இருந்துச்சு பாய்?"

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. காலைல வந்து பார்த்தா, அப்படி ஒண்ணு இருக்கறதே அதுக்குத் தெரியல."

காணாமல் போவதிலும் வகை உண்டு. டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயருக்குப் பதிலாக 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் பெரும்பாலும் டிரைவர் கோளாறு. பழையதைச் சுத்தமாக எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டால் வந்துவிடும். மஞ்சள் முக்கோணமும் கோட் 43-ம் வந்தால், விண்டோஸ் கார்டைப் பார்த்துவிட்டது, கார்டு 'எனக்கு முடியவில்லை' என்று சொன்னதால் நிறுத்தி வைத்திருக்கிறது என்று பொருள். அங்கேயும் டிரைவராக இருக்கலாம், கார்டே போயிருக்கலாம். பட்டியலில் அந்தக் கார்டே இல்லாமல், மதர்போர்டின் சொந்தக் கிராஃபிக்ஸில் மானிட்டர் ஓடிக்கொண்டிருந்தால், பயாஸுக்கே கார்டு தெரியவில்லை. அப்போது சாஃப்ட்வேரைத் தொடுவது வீண் வேலை. சிபியூவைத் திறக்க வேண்டியதுதான்.

பாயின் கேஸ் எப்போதும் இந்தக் கடைசி வகை.

திறந்ததும் முதலில் கரண்டைத்தான் பார்ப்பேன். ஸ்லாட்டிலிருந்து கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளையிலிருந்து தனி வயர்: ஆறு பின் என்றால் இன்னொரு 75, எட்டு பின் என்றால் 150. அந்த வயரைச் செருக மறந்தால் ஃபேன் மட்டும் ஜோராகச் சுற்றும், கார்டு தெரியாது. கரண்டு என்றால் 2012-ஐ யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்டு இல்லாத நாட்கள். ஷூ கம்பெனிகள் ஜெனரேட்டரில் ஓடின. லைனுக்கும் ஜெனரேட்டருக்கும் மாறுகிற ஒவ்வொரு தடவையும் மட்டமான எஸ்எம்பிஎஸ்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. என் வண்டிக்குப் பெட்ரோல் போட்டதே அந்த எஸ்எம்பிஎஸ்கள்தான், பொய் சொல்வானேன்.

பிறகு மின்வெட்டு குறைந்தது. மற்ற கம்பெனிகளிலிருந்து வந்த அழைப்பும் குறைந்தது. பாயின் ரூமில் மட்டும் கார்டு காணாமல் போவது நிற்கவில்லை. ஐப்பசி மழை பிடித்தால் கட்டாயம் போன் வரும்.

என் அக்காவை ஆம்பூரில்தான் கொடுத்திருந்தது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை விபூதி போட்டுக் கொலுசைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். "உனக்கு உடம்புச் சூடும்மா, அதான் கறுக்குது" என்று மாமியார் வெந்தயம் ஊறவைத்துக் கொடுப்பார். வேலூருக்கு வந்து அம்மாவோடு இருக்கிற நாட்களில் அதே கொலுசு அவ்வளவு சீக்கிரம் கறுக்காது. பிறந்த வீட்டுக்கு வந்தால் சூடு தணிகிறது என்று அதற்கும் ஒரு விளக்கம் சொன்னார்கள்.

பாயின் கார்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோது எனக்கு அந்தக் கொலுசு ஞாபகம் வந்தது. ஸ்லாட்டில் செருகும் தங்க முலாம் பட்டைகள் மங்கியிருந்தன. ஹீட்சிங்கின் செம்பு கறுத்துப்போயிருந்தது. ஜன்னலுக்கு வெளியே, சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து டேனரியின், அதாவது தோல் பதனிடும் கூடத்தின், டிரம்கள்.

தோலிலிருந்து முடியை எடுக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு போடுவார்கள். சுண்ணாம்பின் காரம் இருக்கும்வரை அது அடங்கிக் கிடக்கும். அடுத்த கட்டங்களில் காரம் குறையும்போதோ, வாய்க்காலில் அமிலத் தண்ணீரோடு கலக்கும்போதோ ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக வெளியேறும். ரயிலில் கைக்குட்டையை எடுக்கவைக்கும் வாடையில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. வெள்ளியையும் செம்பையும் அது சல்ஃபைடாக மாற்றிவிடும். ஈரக்காற்று சேர்ந்தால் இன்னும் வேகம். கார்டில் தங்கம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. அந்த முலாம் ஒரு மைக்ரான்கூட இருக்காது, அதிலுள்ள நுண்துளை வழியாக அடியிலுள்ள உலோகம் அரித்து மேலே படியும். அதைவிட மோசம், கடுகை விடச் சிறிய சிப் ரெசிஸ்டர்கள். அவற்றின் முனைக்குள் வெள்ளி இருக்கிறது. அது வெள்ளி சல்ஃபைடாகிவிட்டால் இணைப்பே அறுந்துபோகும், எவ்வளவு துடைத்தாலும் அது திரும்பி வராது. டேட்டா சென்டர்களுக்கு அமெரிக்காவின் ஆஷ்ரே அமைப்பு வைத்திருக்கும் வரம்பு, மாதத்துக்குச் செம்பில் 300 ஆங்ஸ்ட்ராம், வெள்ளியில் 200 ஆங்ஸ்ட்ராம் அரிப்புக்குள் இருக்க வேண்டும் என்பது. பாயின் ரூமில் அதை யார் அளந்தார்கள்!

டேனரிக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-இல் நீதிபதி குல்தீப் சிங் எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பை இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை நம் சட்டத்தின் பகுதியாக உறுதி செய்த தீர்ப்பு. தோல் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு லாயக்கில்லாமல் போனதை அது பதிவு செய்கிறது. டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. பாலாறும் கிணறும் நிலமும்தான் அங்கே பேச்சு. செத்துக்கொண்டிருந்தது ஆறு என்பதால் அது நியாயமும்கூட. காற்றைப் பற்றி இந்தப் பக்கத்தில் பேசியவர்கள் குறைவு. மூக்கு பழகிவிடுகிறது. செம்பு பழகுவதில்லை.

பாயின் கார்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துப் போட்டால் வந்துவிடும், அடுத்த மழைக்குப் போய்விடும். (பலர் பென்சில் ரப்பரால் தேய்ப்பார்கள், தேய்க்கத் தேய்க்க முலாமும் போகும்.) ஒரு வருஷம் என்ன துடைத்தும் வரவில்லை. சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய கடையிலேயே கொடுத்தேன். கடைப் பையன் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "துரு ஏறியிருக்குண்ணா, வாரண்டி கிடையாது. கடலோரமா வெச்சிருந்தீங்களா?" என்றான். ஆம்பூரில் கடல்!

புதுக் கார்டு வாங்கினோம். முதலாளியிடம் கெஞ்சி, கம்ப்யூட்டரை மாடியில் எதிர்ப்பக்க அறைக்கு மாற்றி, ஜன்னலை அடைத்து ஏசி போட்டோம். "மிஷினுக்கு மட்டும் ஏசியா?" என்று தையல் செக்‌ஷன் பெண்கள் கேட்டது நியாயமான கேள்வி, முதலாளி பதில் சொல்லவில்லை. பாய் ரிட்டயர் ஆகும்வரை அந்தக் கார்டு காணாமல் போகவில்லை.

இந்தப் பக்கம் சர்வீஸ் பார்க்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. வயரைப் பாருங்கள், டிரைவரைப் பாருங்கள், பயாஸைப் பாருங்கள். அதோடு அந்த அறையின் ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்றும் பாருங்கள். டேனரிப் பக்கம் என்றால், அறையை மாற்றச் சொல்லிவிட்டு அப்புறம் புதுக் கார்டுக்கு விலை சொல்லுங்கள்.