பளபளப்பு எதற்கு?

திருவெறும்பூர் பெல் ஆலைக்கு அப்பா தினமும் ஓட்டிப் போன பழைய சேத்தக்கைப் புதுசாக்கிக்கொண்டிருந்தேன். பெயிண்ட், சீட் எல்லாம் ஆச்சு. பாக்கி சக்கரம்தான். ரிம்முக்குப் பளபளவென்று ஸ்டெயின்லெஸ் நட்டு, போல்ட்டு வாங்கிக்கொண்டு மன்னார்புரத்தில் மெக்கானிக் பாயிடம் போனேன்.

கழற்றி வைத்த சக்கரத்தில் நானே ஸ்பேனரைப் போட்டேன். பாய் சட்டென்று கையைப் பிடித்தார்.

"காத்தை இறக்கினீங்களா தம்பி?"

ஸ்கூட்டர் ரிம் ஒரே துண்டு இல்லை, கவனித்திருக்கிறீர்களா? இரண்டு தட்டுகளைச் சேர்த்து நட்டுப் போட்டு இறுக்கியது. உள்ளே காற்றடைத்த ட்யூப். காற்றோடு பிரித்தால் தட்டு முகத்துக்கே பறந்து வரும்!

அடுத்து, என் போல்ட்டின் தலையைப் பார்த்தார். 'ஏ2-70'. தன் டப்பாவிலிருந்து மங்கலாக ஒன்றை எடுத்தார். '8.8'. சும்மா நம்பர் இல்லை. சதுர மில்லிமீட்டருக்கு 450 நியூட்டன் இழுத்தாலே என்னுடையது நிரந்தரமாக நீள ஆரம்பித்துவிடும். அவருடையது 640 வரை தாங்கும். நீண்டால் இறுக்கம் போச்சு. ஸ்டெயின்லெஸ் நட்டும் போல்ட்டும் இறுக்கும்போது மரை கடித்துக்கொள்கிற தொல்லை வேறு.

"இது துருப்பிடிக்குமே பாய்?"

"துரு கண்ணுக்குத் தெரியும், மாத்திக்கலாம். நீண்டது தெரியாது தம்பி."

வீட்டில் மகள் சுற்றி வந்து பார்த்தாள்.

"எல்லாம் மின்னுது, சக்கரத்து நட்டு மட்டும் ஏம்ப்பா மங்கலா இருக்கு?"

"நீ பின்னால உட்காரப் போறியே, அதான்!"