சுட்ட மண்ணும் சீமெந்தும்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நம் பழைய மாணவர் இருவர் சந்தித்தால், கல்லூரிக் கதை முடிந்ததும் பேச்சு வீட்டைப் பற்றியதாகிவிடுகின்றது. வாழ்நாட் சேமிப்பு முழுவதையும் தொடர்மாடி வீடொன்றில் முதலிட்டவர் நம்முட் பலர். கடலை அண்டிய அக்கட்டடங்கள் சிலவற்றிற் பூச்சு உதிர்வதும், உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருவேறி வெளித்தோன்றுவதும் நாம் காணாத காட்சியல்ல. உப்புக்காற்றின்மீது பழியைச் சுமத்திவிட்டு அமைதியுறுகின்றோம். உப்பு உள்ளே புகுவதற்கு வழிவிட்டது எது என்பதை ஆராய்தலன்றோ நன்று?

சீமெந்து நீருடன் கூடி இறுகும்போது, கல்லெனப் பிணைக்கும் பொருளோடு சுண்ணாம்பும் உண்டாகின்றது. இச்சுண்ணாம்பினால் வலிமை அதிகம் பெருகுவதில்லை. சிலிக்காவும் அலுமினாவும் செறிந்த தகுந்த நுண்தூளொன்றைச் சீமெந்துடன் கலந்தால், அது அச்சுண்ணாம்புடன் கூடிப் புதிய பிணைபொருளாகி நுண்துளைகளை நிரப்புகின்றது. துளை குறையவே, உப்பின் ஊடுருவலும் குறைகின்றது.

இவ்வுண்மையை அனுபவத்தால் அறிந்து பயன்கொண்டவர் உரோமர். வெசூவியசு எரிமலைக்கு அணித்தான பொசுவோலி என்னும் ஊரின் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்புடன் கலந்து அவர் கடலுள்ளும் துறைமுகங் கட்டினர். அவ்வூர்ப் பெயராலேயே இத்தகைய பொருள்கள் 'பொசொலானா' எனப்படுகின்றன. எரிமலைக் குழம்பு விரைந்து குளிர்வதால் அதன் அணுக்கள் ஒழுங்காய் அடுக்குறுவதில்லை. அவ்வொழுங்கின்மையே அதன் வினைத்திறனுக்குக் காரணமாகும். காலத்தாற் சிதைந்து களியேறிய எரிமலைப் பாறையைச் சூளையிலிட்டு வாட்டி, அரைத்து, அத்திறனை மீட்பதும் உண்டு.

நம் தீவிலே எரிமலை இல்லை. ஆயின் களிமண் உண்டு. அதைச் சுடுவதற்குச் சூளையும் உண்டு. இது நம்மவர்க்குப் புதிதுமன்று. 1895ஆம் ஆண்டு நிறைவுற்ற முல்லைப் பெரியாறு அணை, சுண்ணாம்பையும், சுட்ட களிமண்ணின் தூளாகிய சுர்க்கியையும் கலந்த சாந்தினாற் கட்டப்பட்டது. பூமி எரிமலையிற் செய்ததைக் குயவன் சூளையிற் செய்தான் எனலாம்.

இக்கால அறிஞர் அப்பழைய முறையையே அளவறிந்து செய்கின்றனர். வெண்களியை 600 முதல் 800 பாகை வெப்பத்திற் சுட்டால், அதனுட் கட்டுண்ட நீர் நீங்கி, அணுக்களின் ஒழுங்கு குலைந்து, சிறந்த பொசொலானா கிடைக்கின்றது. சீமெந்தின் மூலப்பொருளாகிய கிளிங்கருக்கோ ஏறத்தாழ 1450 பாகை வெப்பம் வேண்டும்; சுண்ணக்கல்லும் பெருமளவு காபனீரொட்சைட்டை வெளிவிடும். சுட்ட களியும் சுடாத சுண்ணக்கல்லும் சேர்த்துக் கிளிங்கரைப் பாதியளவிற்குக் குறைக்கும் சீமெந்தைச் சுவிற்சர்லாந்து, கியூபா, இந்தியா ஆகிய நாடுகளின் ஆய்வாளர் கூடி உருவாக்கியுள்ளனர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் அம்முயற்சியிற் பங்கேற்றது.

வெள்ளவத்தைக்குச் சில மைல் தொலைவிலுள்ள பொரலஸ்கமுவையில் வெண்களி உண்டு. வடக்கே சுண்ணக்கல் உண்டு. 1950இல் உற்பத்தியைத் தொடங்கி 1990இல் மூடுண்ட காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, அவ்விடத்துச் சுண்ணக்கல்லையும் முருங்கன் களியையும் சேர்த்தே சீமெந்து செய்தது. ஆயினும் எல்லாக் களியும் பொசொலானாவிற்குத் தகாது. ஆய்வுகூடத்திற் சோதியாது சேர்ப்பது கலப்படமே.

மற்றோர் எச்சரிக்கையும் வேண்டும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பலும் ஒரு பொசொலானாவே. அது கலந்த சீமெந்து நம் நாட்டில் ஏலவே விற்பனையாகின்றது. இத்தகைய சீமெந்துகளுட் பல ஆறுதலாகவே வலிமை பெறுவன. அவசரப்பட்டுப் பலகையைக் கழற்றி, ஈரங் காயவிட்டால், நுண்துளைகள் அடைபடா; நன்மை தீமையாய் முடியும். ஒரு வாரத்துடன் நிறுத்தாது இருவாரமேனும் ஈரம் பேணுதலும், கம்பிக்கு மேல் போதிய கனத்திற் கொங்கிறீற்று இருத்தலும் இன்றியமையாதன.

எனவே, வீடு வாங்கும் அன்பர்கள் தரைக்கல்லின் பளபளப்பை வியந்து நின்றுவிடாது, எவ்வகைச் சீமெந்து, எத்தனை நாள் ஈரம், கம்பிக்கு எத்துணைக் காப்பு என்னும் மூன்று வினாக்களைக் கட்டுவோரிடம் கேட்பாராக. விஞ்ஞானம் பயிலும் நம் மாணவர் தத்தம் ஊர்க் களிமண்ணைச் சோதித்தறிய முற்படுவாராக. எரிமலை நமக்கு வாய்க்கவில்லை. காலடி மண்ணும் அதனைச் சுடும் அறிவும் வாய்த்துள்ளன. அவற்றைப் பயன்கொள்வது நம் கடன்.