காப்பு

பழுதானதைப் பிடுங்கிவிட்டு நல்லதைச் செருகுவது ஒரு வித்தையா என்று தோன்றலாம். 1946-ல் அமெரிக்காவில், பென்ஸில்வேனியா சர்வகலாசாலையில் உலகத்தாருக்குக் காட்டிய 'எனியாக்' என்ற கம்ப்யூட்டர் 30 டன் எடை. பெரிய கூடம் ஒன்றை அடைத்துக்கொண்டு நின்ற அதில் சுமார் 18,000 வால்வுகள். கெட்ட வால்வு எது என்று கண்டுபிடிப்பதுதான் பாடு, மாற்றுவது எளிது. ஆனால், உள்ளே ஓடிய மின்சாரம் பொல்லாதது. பயப்பட வேண்டியவன் மனிதனாகவே இருந்தான்.

இன்று அந்தப் பயத்தில் யந்திரத்துக்கும் பங்கு வந்துவிட்டது.

என் நண்பரின் மகன் கம்ப்யூட்டர் அலமாரிகளைப் பராமரிக்கிறான். ஆள் உயர இரும்பு அலமாரி. அதில் தட்டுத் தட்டாகக் கம்ப்யூட்டர்கள். அரைச் சாணுக்குச் சற்று அதிகமான ஒரு மெமரிப் பலகையை அவன் மாற்றியபோது பக்கத்தில் நின்று பார்த்தேன்.

முறைப்படி கம்ப்யூட்டரை நிறுத்தினான். பின்புறம் போய் மின்சார ஒயரைப் பிடுங்கினான், ஒன்றல்ல, இரண்டு. ஒரு வழி அடைபட்டாலும் மறு வழியில் மின்சாரம் வரட்டும் என்று இரண்டு வைத்திருக்கிறார்களாம். ஒன்றைப் பிடுங்கிவிட்டு நிம்மதியாக இருந்தால் ஆபத்து. அலமாரி சாயாதபடி அடியில் முட்டு இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, ஒரே ஒரு தட்டை வெளியே இழுத்தான். கடைசியாக, மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, அதிலிருந்து வரும் கம்பியை அலமாரியின் இரும்பில் மாட்டிக்கொண்டான்.

"திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவன் மாதிரி இருக்கிறாயே!" என்றேன்.

"காப்புத்தான், மாமா. ஆனால் எனக்கில்லை, இதற்கு" என்று பலகையைக் காட்டினான்.

நடக்கும்போதும் துணி உரசும்போதும் நம் உடம்பில் மின்சாரம் சேர்கிறது. ஏறக்குறைய 3,000 வோல்ட் இருந்தால்தான் நமக்கு அது சுரீரென்று உறைக்கும். சில சிப்புகளுக்கோ 100 வோல்ட்டுக்கும் குறைவே போதும். அடிபட்ட சிப் அப்போதே செத்துவிட்டாலும் பாதகமில்லை. பல மாதங்கள் ஒழுங்காக உழைத்துவிட்டு, திடீரென்று ஒரு நாள் காலை வாரிவிடுவதும் உண்டு. அன்று அதை நம்பியிருப்பது ஓர் ஆஸ்பத்திரியாகவும் இருக்கலாம். தொட்ட கை எது என்று அப்போது யார் தேடப்போகிறார்கள்? தொட்டவனுக்கே தெரியாதே! யாரும் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்தும் பட்டையைக் கட்டிக்கொள்கிறானே, அதுதான் தொழில் தர்மம்.

அந்தப் பட்டையில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. அதன் கம்பியில் பத்து லட்சம் ஓம் அளவுள்ள ஒரு மின்தடையை வைத்திருக்கிறார்கள். கட்டியிருப்பவன் கை தவறி மின்சாரத்தைத் தொட்டுவிட்டால், பட்டையே அவனுக்கு யமனாகிவிடாமல் தடுப்பதற்காக. யந்திரத்தைக் காப்பாற்றப் பட்டை செய்தவர், அதைக் கட்டிக்கொள்கிறவனுக்கும் வீட்டில் காத்திருப்பவர்கள் உண்டு என்பதை மறக்கவில்லை. வேலை வாங்குகிற எல்லோருக்கும் இந்த நினைப்பு இருந்துவிட்டால், எத்தனை வீடுகளில் விளக்கு அணையாமல் இருக்கும்!