கரடிக்கு நான் வழங்கிய தீர்ப்பு

சென்ற ஆண்டு கோடையில், அமெரிக்காவில் நியூ ஜெர்சியிலுள்ள மகள் இல்லத்தில் மூன்று திங்கள் தங்கியிருந்தேன். பேரர் இருவர்: மூத்தவனுக்கு வயது 14, இளையவனுக்கு 10. இருவரும் புதிதாகக் கற்று, ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது ‘மேஜிக்: தி கேதரிங்’ என்னும் சீட்டாட்டம். சீட்டாட்டம் என்றதும் வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். நானும் முதலில் சுளித்தவன்தான். பிள்ளைகள் பணம் வைத்து ஆடவில்லை. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணித அறிஞர் உருவாக்கி, 1993-இல் வெளிவந்த ஆட்டம் இது. அவரவர் சேர்த்த சீட்டுகளைக் கொண்டு அவரவர் கட்டு அமைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சீட்டிலும் அது செய்யும் வேலை அச்சிடப்பட்டிருக்கிறது. சீட்டின் வாசகம் பொது விதியோடு முரண்பட்டால் சீட்டே வெல்லும். சச்சரவுக்கு வேறென்ன வேண்டும்?

ஒருநாள் மாலை இளையவனிடம் ஒரு கரடி இருந்தது. அதன் வலிமை 2, தாங்கும் திறன் 2. மூத்தவன் தன் முறையில் ‘லைட்னிங் போல்ட்’ என்ற மின்னலை அதன்மேல் ஏவினான். அது 3 அளவு காயம் விளைவிக்கும். உடனே இளையவன் ‘ஜயன்ட் குரோத்’ என்ற சீட்டை வைத்தான். அந்த முறை முடியும்வரை கரடியின் இரு எண்களும் மும்மூன்று கூடும்.

“கரடி பிழைத்துக்கொண்டது!”

“நான்தானே முதலில் வைத்தேன்? மின்னல் விழுந்தாயிற்று.”

இருவரும் என்னை நோக்கினர். தாலுகா அலுவலகத்தில் 31 ஆண்டுகள் எழுத்தராயிருந்தவன் நான். முந்தி வந்த மனுவை முந்தி எடுப்பதே எனக்குத் தெரிந்த நீதி. “கரடி செத்தது” என்றேன். இளையவன் மறுபேச்சின்றிச் சீட்டுகளைத் தகரப் பெட்டியில் வைத்து மூடினான். இரண்டு நாள் அதைத் திறக்கவேயில்லை.

வெள்ளிக்கிழமை அவர்களைச் சீட்டுக் கடைக்கு அழைத்துச் சென்றபோது, அங்கு ஆட வந்த ஓர் இளைஞரிடம் வழக்கைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். ஏவிய சீட்டு உடனே பலிப்பதில்லை. எதிராளி மறுமொழியாக இன்னொன்றை அதன்மேல் வைக்கலாம். அடுக்கிய தட்டுகளில் கடைசியாக வைத்ததே முதலில் கைக்கு வருவதுபோல, கடைசிச் சீட்டே முதலில் பலிக்கும். 1999 முதல் இதுவே விதி. ஆகவே கரடி முதலில் ஐந்துக்கு ஐந்தாக வளர்கிறது. பிறகே மின்னல் விழுகிறது.

மூத்தவன் விடவில்லை. “முறை முடிந்ததும் வளர்ச்சி போய்விடுமே? 3 காயத்தை 2 எப்படித் தாங்கும்?” நல்ல கேள்வி, எனக்கும் அதுவே தோன்றிற்று. அதற்கும் விடை இருந்தது. முறையின் முடிவில் காயமும் வளர்ச்சியும் ஒரே கணத்தில் நீங்குகின்றன. இடையில் கரடி சாவதற்கு நேரமே இல்லை. 200 பக்கங்களுக்கு மேற்பட்ட விதித்தொகுப்பு ஒன்று இருப்பதை அன்றுதான் அறிந்தேன். அதில் ஒரு பக்கமும் பாராமலே நான் தீர்ப்பு வழங்கியிருக்கிறேன்!

வீடு திரும்பும் வழியில், “தாத்தா தவறு செய்துவிட்டேன், ஐயா” என்றேன் இளையவனிடம். அவன் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி, “பரவாயில்லை, தாத்தா” என்றான். அன்றிரவு பெட்டி திறக்கப்பட்டது.

ஆடத் தொடங்கிய சிறிது நேரத்தில், இளையவன் ஆர்வமிகுதியால் தானே முந்திக்கொண்டு வளர்ச்சிச் சீட்டைக் கரடிக்கு வைத்தான். மூத்தவன் நிதானமாக அதன்மேல் மின்னலை வைத்தான். இப்போது மின்னலே முதலில் பலிக்கும். கரடி செத்தபின் வளர்ச்சிக்கு ஆளேது? இரண்டும் வீண். இளையவன் என்னைப் பார்த்தான்.

“போய்விட்டதுதான், ஐயா” என்றேன்.

அவன் தலையசைத்து, கரடியைத் தானே எடுத்து ஒதுக்கி வைத்தான்.